சொல்லிக்கொண்டு கிளம்பியவள்

சத்யப்ரியா கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இறங்கியபோது ரயில் நாலு மணி நேரம் தாமதம். அவளுக்கோ அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்துக்குள் சால்ட் லேக் அலுவலகத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை உத்தரவு ரத்து. நெய்வேலியை விட்டு அவள் தனியாகப் போன அதிகபட்ச தூரம் கடலூர் கல்லூரிதான். மகளைத் தனியாகக் கல்கத்தா அனுப்புவதா என்று அப்பா வேலாயுதம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மல்லுக்கட்டி ஜெயித்துத்தான் ரயில் ஏறினாள். இனி வெறுங்கையோடு எந்த முகத்தோடு திரும்புவாள்?

சென்னையில் ரயில் நகரும்போது "போறேன்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தாள். "போயிட்டு வரேன்னு சொல்லுடி. முதமுதல்ல தனியாப் போற." மகளைச் சொல்ல வைத்த பிறகுதான் கம்பியை விட்டாள்.

தங்குவதற்கு அப்பாவின் நண்பர் ஒருவர் பெஹாலாவில் மாடி அறை பார்த்து வைத்திருந்தார். வாடகை சல்லிசு. ஏன் சல்லிசு என்று கேட்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஸ்மிதாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவனின் வைத்தியத்துக்காக ஒரு வருடம் வேலூரில் இருந்தவள்; அங்கே பிடித்துக்கொண்ட தமிழில் பேசினாள். படியேறும்போது அவள் கையிலிருந்த சங்கு வளையல்கள் மந்தமாக இடித்துக்கொண்டன. மதியம் இரண்டு மணிக்கே மேகம் கவிந்து படிக்கட்டு இருட்டாகக் கிடந்தது. ஊறிப்போன சுண்ணாம்பு வாடை.

"ஒண்ணு கேளு," என்றாள் ஸ்மிதா. "எங்க ஆளுங்க கிளம்பும்போது 'ஆஷ்சி' சொல்வாங்க. வரேன்னு. வீட்ல இருக்கறவங்க 'ஏஷோ' சொல்வாங்க. வா-ன்னு. உங்க ஊர்லயும் அப்படித்தான், பாத்திருக்கேன்." குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீட்ல மட்டும் சொல்லாதே. பேசாம போயிடு."

"ஏன் தீதி?"

"இங்க ஒருத்தி இருந்தா. புருஷன் 'ஆஷ்சி' சொல்லிட்டுப் போனான், வரலை. அந்த ஜன்னல்லயே நின்னு நின்னு செத்தா. இப்ப யார் சொன்னாலும் விட மாட்டா, எங்க போனாலும் திரும்பக் கூட்டிட்டு வந்துடுவா. போன வருஷம் நரேன்னு ஒரு பையன். சொல்லிட்டு ஆபீஸ் போனான். சாயந்தரமே வந்துட்டான்."

"அப்புறம்?"

ஸ்மிதா, நரேன் இருந்து இப்போது பூட்டிக் கிடந்த பக்கத்து அறையைப் பார்த்தாள். சாவியைக் கையில் திணித்தாள். வரேன் என்று சொல்லாமலே படியிறங்கிச் சந்தைக்குப் போய்விட்டாள்.

சத்யப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. வாடகை சல்லிசானது இதனால்தான் போலும்.

அறையில் ஒரே ஜன்னல். அதன் விளிம்புக் கட்டை இரண்டு இடங்களில் குழிந்து வழவழத்திருந்தது. யாரோ பல வருடம் முழங்கை ஊன்றித் தேய்ந்த குழிகள்.

அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அறைக்குள் வளையல் சத்தம் கேட்டது. கண்ணாடி வளையல் இல்லை. சங்கு.

"ஸ்மிதா தீதி?"

சத்தம் நின்றது.

உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள். மூடியிருந்த ஜன்னல் திறந்திருந்தது. இரண்டு குழிகளிலும் தண்ணீர் நின்றது.

மழை இன்னும் தொடங்கவே இல்லை.

இனி இங்கே ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. கைக்குக் கிடைத்ததைப் பையில் அள்ளிப்போட்டுக் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. கடுகெண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது. பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஈரக்கூந்தலை ஒரு கை கொத்தாகப் பிடித்தது.

அவள் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தாள். அது பிடுங்கிக்கொண்டு திறந்தது. படிகளில் விழுந்தடித்து இறங்கி வாசலுக்கு வந்தபோது கைப்பேசி அடித்தது. அம்மா.

"கிளம்பிட்டியா? என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னால் போதும், அப்பா அடுத்த ரயிலிலேயே திரும்பி வரச் சொல்வார். அழுகையை விழுங்கினாள். "ஒண்ணுமில்லம்மா. நேரமாச்சு. போயிட்டு வரேன்."

நாக்கில் ஊறிய வழக்கம். ஒரு கால் இன்னும் வாசற்படிக்குள் இருந்தது.

மேலே ஜன்னல் கதவுகள் படாரென்று மூடின.

நாலு நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டு, அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். ஈரத்தலையோடு ஓடி வந்ததைப் பார்த்து, முதல் வேலை அல்லவா என்று அலுவலகத்தில் சிரித்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். கருணாமயியில் பெண்கள் விடுதி ஒன்றில் இடமும் சொல்லி வைத்தார்கள். பத்து நிமிட பஸ் பயணம். கண்டக்டரிடம் இரண்டு முறை கருணாமயி என்று சொல்லி ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும், ரயிலில் கெட்ட தூக்கமெல்லாம் சேர்ந்து கண்ணை அழுத்தியது.

கைப்பேசி எழுப்பியது.

"அப்பாவுக்குத் தலைகால் புரியலடி. தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டார்," என்றாள் அம்மா. சத்யப்ரியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. ஜெயித்துவிட்டாள். "ஆமா, மத்தியானம் உன் பக்கத்துல யாரு? நீ போயிட்டு வரேன்னதும் ஒரு அம்மா 'ஏஷோ'ன்னாங்களே. அப்படின்னா என்ன?"

அவள் வெளியே பார்த்தாள். சால்ட் லேக்கின் அகலமான சாலை இல்லை. மழை. மெட்ரோ தூண்கள். மதியம் இதே தூண்களைப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

"பெஹாலா, பெஹாலா," என்று கண்டக்டர் கூவினான்.

"நான் கருணாமயிதானே கேட்டேன்?" தெரிந்த இந்தியில் கேட்டாள்.

அவன் அவள் கையைக் காட்டினான். மூடியிருந்த விரல்களுக்குள் இரண்டு டிக்கெட்டுகள் கசங்கியிருந்தன.

"நீங்கதானே தீதி, ரெண்டு பெஹாலா வாங்கினீங்க?"

பக்கத்து இருக்கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஹலோ, சத்யா," என்றாள் அம்மா காதுக்குள்.

கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினான். "சீக்கிரம் தீதி. கூட வந்தவங்க இறங்கி நிக்கறாங்க."

படிக்கு வெளியே, மழையில், சங்கு வளையல் போட்ட ஒரு கை அவளுக்காக நீண்டிருந்தது.