சர்க்கரைக் கிண்ணமும் ஒரு கட்டைவிரலும்

வெள்ளியின் குளிர்ச்சி கட்டைவிரலுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வெர்னா கவனித்தது அவ்வளவுதான். சர்க்கரைக் கிண்ணத்தை இடக்கைக்கு மாற்றினாள், சில்லென்று இருந்தது. மறுபடி வலக்கைக்கு மாற்றினாள். ஒன்றுமே தெரியவில்லை.

பார்படோஸ் கரும்புத் தோட்டத்தின் இந்தப் பழைய பெரிய வீட்டில் வெள்ளிச் சாமான்களைத் துணியால் துலக்குவதில்லை. சிவப்புப் பொடியை எண்ணெயில் குழைத்து, வெறும் கட்டைவிரலால் மணிக்கணக்கில் தேய்த்தால்தான் அந்த ஆழமான பளபளப்பு வரும். முதலில் விரல் கொப்பளிக்கும், அப்புறம் காய்த்துப்போகும். பதினோரு வருடமாக வெர்னா தேய்க்கிறாள். நடுநடுவே சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டையும், வெளியே பாழடைந்து கிடக்கும் கரும்பாலையையும் சுற்றிக் காட்டுகிறாள்.

சமையலறையிலிருந்து சமையல்காரி மார்வா கத்தினாள். "ஏண்டி, இன்னும் அந்தக் கிண்ணத்தையா கொஞ்சிக்கிட்டிருக்க? உன் புருஷனை இப்படித் தடவியிருந்தா அவன் ஓடியிருக்க மாட்டான்!"

"கை மரத்துப்போச்சுடி."

"நாளைக்குச் சர்ச்ல ஆர்கன் வாசிக்கணும். எங்க மானத்தை வாங்கிடாத. போய் வெந்நீர்ல விடு."

விட்டாள். ஆவி பறந்தது. சுடவில்லை. வெர்னாவுக்குப் பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் முன்னால் உட்காரும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி ஆறு நாட்களையும் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தக் கை போனால் அவளிடம் வேறு எதுவும் இல்லை.

ஆனால் பாதியில் விட்டால் வெள்ளி திட்டுத்திட்டாகிவிடும். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஜன்னல் வழியாகக் கரும்புச்சாறு காயும் வாசனை வந்தது, தித்திப்பும் கருகலுமாக, தொண்டையில் ஒட்டிக்கொள்வது மாதிரி. கூடவே ஆலைப் பக்கமிருந்து ஏதோ கனமான ஒன்று கிறீச்சிட்டு, நின்று, மறுபடி கிறீச்சிட்டுச் சுற்றும் சத்தம். அந்த ஆலை ஓடி நூறு வருடத்துக்கு மேலாகிறது. கையின் மரப்பு மணிக்கட்டைத் தாண்டியிருந்தது.

அவள் வாய் தானாகப் பேசிக்கொண்டிருந்தது. தினமும் நான்கு தடவை பயணிகளிடம் ஒப்பிக்கும் வார்த்தைகள்தான். கரும்பை நுழைக்கிற அடிமைப்பெண் ஒரு கணம் கண்ணயர்ந்தால் கை, கரும்பை நசுக்கும் உருளைகளுக்குள் போய்விடும். ஆலையைச் சட்டென்று நிறுத்த முடியாது. அதனால் பக்கத்தில் எப்போதும் ஒரு கோடாலி இருக்கும். உருளை தோளை இழுப்பதற்குள் கையை வெட்டிவிடுவார்கள். அந்தச் சர்க்கரையில் வாங்கிய கிண்ணம்தான் இது.

அந்தப் பெண்களின் வம்சத்தில் வந்தவள்தான் வெர்னாவும். ஆனாலும் இதைச் சொல்லும்போதெல்லாம் இரவு என்ன சமைக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் வலித்ததில்லை.

இப்போதும் வலிக்கவில்லை.

கிண்ணத்தின் வளைவில் தன்னைப் பார்த்தாள். முகம் தெரிந்தது. வலக்கை இரண்டு உருளைகளுக்கு நடுவே, தட்டையாக, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மடியைப் பார்த்தாள். கை முழுசாகத்தான் இருந்தது. சிவப்பாக. பொடி இத்தனை ஈரமாக இருக்காது.

முழங்கை மரத்தது.

அதற்கு மேலும்.

தோள் போனால் ஆள் போச்சு.

"மார்வா, ஆலைச் சுவத்துல மாட்டியிருக்கிற கோடாலியை எடுத்துட்டு வா." பயணிகளிடம் பேசும் அதே நிதானமான குரலில் சொன்னாள்.

பின்னால் காலடிச் சத்தம். வெறுங்கால். பக்கத்தில் வந்து நின்றது.

சமையலறையில் எண்ணெய் சடசடத்தது. "என்னடி கேட்ட?" அங்கிருந்து மார்வாவின் குரல் வந்தது. "மீன் பொரிக்கிறேன், காதுல விழல!"

கிண்ணத்தின் வளைவில், வெர்னாவின் தலைக்கு மேலே, கோடாலி உயர்ந்தது.

வெர்னா கையை நேராக நீட்டி, அசையாமல் வைத்துக்கொண்டாள்.