பெருவிரல் கயிறு

கயிறு கனத்தது.

வெள்ளத்தாய் முதலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. வலது கை பேண்டேஜ் சுற்றும் மிஷினின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்தது, இடது கை துணியில் சுருக்கம் விழாமல் நீவிக்கொண்டிருந்தது, கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வலது காலின் பெருவிரலில் மாட்டிய கயிறு தரையோடு ஓடி, நிலைப்படியைத் தாண்டி, உள்ளறை உத்தரத்தில் தொங்கும் சேலைத் தொட்டிலில் போய் முடிந்தது. காலை இழுத்தால் தொட்டில் இந்தப் பக்கம் வரும். விட்டால் தன்னால் அந்தப் பக்கம் போகும். ராஜபாளையத்தில் அந்தத் தெருவில் மருந்துத்துணி சுற்றும் பெண்கள் எல்லோரும் பிள்ளை வளர்ப்பது இப்படித்தான். இரண்டு கையும் கம்பெனிக்கு, ஒரு கால் பிள்ளைக்கு.

துணியிலிருந்து பறக்கும் தூசி பிள்ளைக்கு ஆகாது என்பதால் தொட்டில் உள்ளறை இருட்டில் தொங்கியது. வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் மிஷின் முன்னறை ஜன்னலடியில் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து தொட்டில் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பிள்ளை தூங்குகிறதா, புரள்கிறதா, எழுந்து உட்கார்ந்து சேலை விளிம்பைக் கடிக்கிறதா, எல்லாவற்றையும் பெருவிரலே சொல்லிவிடும். முழித்திருக்கும் பிள்ளை ஒரு விதமாகக் கனக்கும், தூங்கும் பிள்ளை வேறு விதமாகக் கனக்கும். இப்போது தூங்குகிற கனம். அப்பாடா, ஒருவழியாகத் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வெள்ளத்தாய் அடுத்த துணியை எடுத்தாள்.

எடுத்த கை அப்படியே நின்றது.

கனிதான் வீட்டில் இல்லையே!

அன்றைக்கு ஆடிப்பூரம். காம்பவுண்டில் இருந்த சனம் முழுக்கக் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டது. வெள்ளத்தாய்க்கும் போக ஆசைதான். ஆனால் சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து நிற்பான், துணி மலையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்காதான், "நீ கெடந்து சுத்து. பிள்ளையாவது ஆண்டாளப் பாத்துட்டு வரட்டும்" என்று சொல்லி, தொட்டிலில் கிடந்த கனியை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு வெளியே போவதென்றால் அம்மாவாவது ஆட்டுக்குட்டியாவது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளையை எடுத்ததும் தொட்டிலைச் சுருட்டி முடிந்து போட வேண்டும். வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது. விளையாட்டுக்கு ஆட்டிய சின்னப் பிள்ளைகள்கூட அந்தத் தெருவில் முதுகில் வாங்கியிருக்கிறார்கள். வெள்ளத்தாய்க்குத் தெரியாதா? பிறகு முடிந்துகொள்ளலாம் என்று அடுப்பைப் பார்க்கப் போனாள். புருஷன் பொன்னுராஜுக்கு மில்லுக்கு நேரமாகிவிட்டது. அவனுக்குச் சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கால் தன் பழக்கத்துக்குக் கயிற்றுச் சுருக்கில் போய் நுழைந்துகொண்டது. பாவி மகள், காலையிலிருந்து வெறுந்தொட்டிலையா ஆட்டிக்கொண்டிருக்கிறாள்!

"சீ, பூனை" என்று வாய்விட்டுச் சொன்னாள். மழைக்குப் பூனை ஏறிப் படுத்திருக்கும். தன் குரலைத் தானே கேட்கக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

வெளியே ஆடிக்காற்று மலையிலிருந்து இறங்கி வந்து ஓட்டைத் தட்டிப் பார்த்தது, ஜன்னல் கதவை ஆட்டிப் பார்த்தது, எதிர் வீட்டு முருங்கையைப் பிடித்து உலுப்பியது. சாரல் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் விழுந்தது. கரண்டு எப்போதோ போயிருந்தது. மத்தியானம்தான், ஆனாலும் மேகம் மூடி வீட்டுக்குள் விளக்கு வைக்கும் நேரத்து மங்கல் இறங்கியிருந்தது. துணியின் கஞ்சி வாடைக்கு நடுவே இன்னொரு வாடையும் மெல்ல வந்தது. பால் புளித்த வாடை. பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் இருக்கிற வாடைதான்.

வெள்ளத்தாய் காலை நிறுத்தினாள்.

தொட்டில் இரண்டு தடவை தானாக ஆடி ஓய்ந்தது. உத்தரத்தின் முனகல் நின்றது. காற்றும் அந்த நேரம் பார்த்து அடங்கியது. உள்ளறையிலிருந்து ஒரு சிணுங்கல் கேட்டது.

பூனை இல்லை. எந்தத் தாய்க்கும் அது தெரியும். முதலில் மூக்கால் ஒரு சிணுங்கல், பிறகு ஒரு விக்கல், அப்புறம் வீல் என்று அழுகை. கனி அழுவது அப்படித்தான், அதே விக்கல், அதே இழுப்பு. வெள்ளத்தாயின் உடம்பு முழுக்கப் புல்லரித்தது. அதைவிடக் கொடுமை, அந்த அழுகையைக் கேட்டு அவள் மார் சுரந்தது. ரவிக்கை நனைந்து வயிற்றில் சூடாக வழிந்தது. எம் பிள்ளை அங்கே ஊர் சனத்துக்கு நடுவில் இருக்கிறாளே, அப்போ இது யாருக்குச் சுரக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஓடிவிடலாம் என்று கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது, வெளியே கொண்டி.

உள்தாழ்ப்பாள் கரையான் அரித்து விழுந்து மாசக்கணக்காகிறது. காற்றுக்குக் கதவு திறந்து துணியில் மண் விழுந்தால் கம்பெனியில் அப்படியே திருப்பி எறிவார்கள். அதனால் பொன்னுராஜ் வேலைக்குப் போகும்போது வெளியே கொண்டியைப் போட்டுவிட்டுப் போவான். வேண்டும்போது சுவரைத் தட்டினால் செல்லத்தாய் அக்கா வந்து எடுத்துவிடுவாள். இன்றைக்கு அக்கா இல்லை என்று அவனுக்குத் தோன்றவில்லை. காலையில் கொண்டி விழுந்த சத்தம் காதில் கேட்டும் இவளுக்கும் தோன்றவில்லை. அவன் கைக்கு ஒரு பழக்கம், இவள் காலுக்கு ஒரு பழக்கம்.

"ஏங்க! யாராச்சும் இருக்கீயளா? கொண்டிய எடுத்துவிடுங்களேன்!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முற்றத்தில் கொடியில் விட்டுப்போன ஒரு துண்டு நனைந்து தொங்கியது. காற்று திரும்ப எழும்பிக் குரலை அள்ளிக்கொண்டு போனது.

உள்ளே அழுகை நின்றிருந்தது. சேலை இழுபடும் சத்தம் கேட்டது. பிள்ளை விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கும்போது வருகிற சத்தம். பிறகு தரையில் பச்சக் என்று ஒரு சத்தம். ஈரப் பாதம் சிமெண்டில் பதிகிற சத்தம்.

இறங்குகிறது.

வெள்ளத்தாய் யோசிக்கவே இல்லை. காலை வெடுக்கென்று இழுத்தாள். பாதம் தரையை விட்டது. கனம் திரும்பத் தொட்டிலுக்குள் விழுந்தது. இழுத்தாள், விட்டாள், இழுத்தாள், விட்டாள். உள்ளறையில் மெல்லிய ஒரு சிரிப்பு.

அப்புறம்தான் அவளுக்குத் தன் நிலைமை புரிந்தது. ஆட்டினால் அது கிடக்கும். நிறுத்தினால் இறங்கும். அவ்வளவுதான் கணக்கு. கயிற்றை விரலிலிருந்து கழற்றி மிஷின் காலில் கட்டலாம் என்று பார்த்தாள். குனிந்து சுருக்கைத் தொட்ட அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பச்சக் என்று கேட்டது. கையால் ஆட்டிக்கொண்டே கதவு வரை நகரப் பார்த்தாள், கயிறு எட்டவில்லை. எட்டித்தான் என்ன, கொண்டி வெளியே இருக்கிறது. திரும்ப வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

ஆட்டினாள். தொடை கடுத்தது. பெருவிரல் நீலம் பாய்ந்து மரத்தது. முன்னால் துணி சுற்றப்படாமல் கிடந்தது, அதைப் பற்றி அவளுக்கு இப்போது கவலை இல்லை. பொன்னுராஜ் ஷிப்ட் முடிந்து வருவான், அவன் வந்து கதவைத் திறந்தால் ஒரே ஓட்டம், அது ஒன்றுதான் மனசில் இருந்தது. வாய் தானாக 'ரோ ரோ' என்று தாலாட்டு முனகிக்கொண்டிருப்பதைக் கவனித்து நாக்கைக் கடித்தாள். அவள் நிறுத்தியதும் உள்ளறையில் அது தொடர்ந்து முனகியது. அவள் குரலில்.

காற்று அடித்தது. ஓடு ஆடியது. கயிறு போனது. கயிறு வந்தது.

வெயில் ஒரு கீற்று ஜன்னலில் விழுந்து மறைந்தபோது வாசல் கேட் கிரீச்சிட்டது.

"ஏட்டி வெள்ளத்தாயி! செத்துட்டியா, இருக்கியா?"

செல்லத்தாய் அக்கா! மத்தியானம் முழுக்க வெள்ளத்தாய் தவம் கிடந்த குரல். 'யக்கா' என்று கத்த வாயைத் திறந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா தனியாக வரவில்லை. கனியோடு வருகிறாள். கனியைக் கொண்டு இங்கேதான் வருகிறாள்.

"யக்கா! கதவத் தொறக்காதீய! பிள்ளையத் தூக்கிட்டு அப்படியே ஒங்க வீட்டுக்குப் போயிருங்க!"

"என்னது? காத்துல ஒரு எழவும் கேக்கல, இரு வாரேன்."

"வராதீயக்கா! ஒங்க காலுல விழுதேன், உள்ள வராதீய!"

கொண்டி எடுபட்டது. கதவு காற்றுக்குப் படார் என்று திறந்து சுவரில் மோதியது. வெள்ளைத் துணி வீடு முழுக்கப் பறந்தது. செல்லத்தாய் வாசலில் நின்றாள், தலையில் வாடிய மல்லிகை, கையில் பை, தோளில் கனி. வாயைப் பிளந்து, எச்சில் வடிய, அக்காவின் ரவிக்கையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது வெள்ளத்தாயின் பிள்ளை.

"என்னட்டி, மொகமெல்லாம் பேயறஞ்ச மாதிரி இருக்கு? ஓம்மவ என்னப் படுத்துன பாடு இருக்கே, யம்மா! கடைய விட்டு நகர மாட்டேன்னுட்டா. ரெண்டு கை நெறையப் பச்ச வளையல் வாங்கிப் போட்டுவிட்ட பொறவுதான் வாய மூடுனா. பஸ்ஸு பூரா அதக் கிலுக்கிக்கிட்டே வந்து இப்பத்தான் கண்ணசந்தா."

"யக்கா, உள்ள என்னமோ கெடக்கு. பிள்ளையக் கொண்டு போயிருங்க."

"என்ன கெடக்கு?" என்று கேட்ட செல்லத்தாய் அப்போதுதான் கயிற்றைப் பார்த்தாள். ஆடும் காலைப் பார்த்தாள். தோளில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தாள். முகம் மாறியது. "அடிப் பாதகத்தி! வெறுந்தொட்டிலையா ஆட்டுத? பிள்ள பெத்தவளுக்குப் புத்தி வேண்டாம்? பிள்ளைக்கு ஆகாதுட்டி!"

சொன்னவள் உள்ளறைப் பக்கம் நடந்தாள். அந்தத் தப்புக்கு அவளுக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான். உடனே பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட வேண்டும்.

"வேண்டாம்! யக்கா! வேண்டாம்!"

வெள்ளத்தாய் எழுந்து பாய்ந்தாள். அக்காவின் முந்தானை விரல் நுனிக்கு எட்டியது. அந்த நேரம் கயிறு மறு பக்கத்திலிருந்து இழுபட்டது. ஒரே இழுப்பு. கால் வாரி முகம் அடிபட விழுந்தாள். வாயில் ரத்தம் கரித்தது. தலையைத் தூக்கியபோது செல்லத்தாய் இருட்டுக்குள் போயிருந்தாள்.

வளையல் கிலுங்கியது. சேலை உரசியது.

பெருவிரலில் கயிறு விறைத்திருந்தது. வெள்ளத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளையை உள்ளே போட்டால் கனம் கூட வேண்டும்.

கூடவில்லை.

செல்லத்தாய் வெறுங்கையோடு வெளியே வந்தாள். "பூனையுமில்ல, ஒண்ணுமில்ல. தொட்டில் வெறிச்சுன்னுதான் கெடந்துச்சு. சுகமாப் படுத்துக்கிட்டா. ரத்தமா வருது, என்னத்துக்குட்டி இப்படி விழுந்து எந்திரிக்க? காச்சலா? இரு, செத்த நேரத்துல காப்பி போட்டு எடுத்தாரேன்." பறக்கும் துணியைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, கதவை இழுத்துச் சாத்தி, எப்போதும்போலக் கொண்டியைப் போட்டுவிட்டுப் போனாள்.

சுருக்கு தானாகத் தளர்ந்து பெருவிரலிலிருந்து நழுவி விழுந்தது.

இப்போது ஓடலாம். எங்கே ஓட? பிள்ளை உள்ளே இருக்கிறாள். வெள்ளத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டினாள். பால் புளித்த வாடை மூக்கை அடைத்தது. தொட்டில் அசையாமல் தொங்கியது. இரண்டு கையாலும் சேலையை விரித்தாள்.

ஒரே ஒரு பிள்ளைதான் இருந்தது.

கனி. கனியின் நெற்றி, கனியின் சுருட்டை முடி, மேல் ஈறில் முளைத்த கனியின் பல். வெள்ளத்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எஞ் செல்லமே, எந் தங்கமே" என்று குனிந்தாள். பிள்ளை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது.

இரண்டும் வெறுங்கை.

வெள்ளத்தாய் வளையலைத் தேடினாள். சேலை மடிப்பில் இல்லை. பிள்ளைக்கு அடியில் இல்லை. தரையில் ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லை. பிள்ளை காலை உதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க, கிலுகிலுவென்று வளையல் சத்தம் கேட்டது.

அதன் வயிற்றுக்குள்ளிருந்து.