முதுகில் ஓர் ஆரஞ்சுக் கோடு

மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் தையல் கடைக்குள் ஓடி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சும்மா ஒதுங்க வந்தவர்கள்தான். அவன் பத்தாவது ஆள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தவன், மார்போடு அணைத்திருந்த பெரிய ஆரஞ்சு மூட்டையைப் பொத்தென்று வைத்தான்... எங்கே? இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த நர்ஸ் யூனிஃபார்ம்களின் தலையில்!

"ஐயோ! எடுங்க, எடுங்க! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"சாரி மேடம்... சாரி, சாரி!"

பதறி எடுத்தான். எடுத்த வேகத்தில் மூட்டை அவிழ்ந்து இன்னும் நாலு யூனிஃபார்மை நனைத்தது. அவளுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்தரி தானாகத் திறந்து மூடியது. நிமிர்ந்து பார்த்தாள். இமையில் ஒரு மழைத்துளி தொங்க, அசடு வழியச் சிரிக்கும் இரண்டு கண்கள்... சரி, திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"என்ன தைக்கணும்?"

விரித்துக் காட்டினான். வெட்டும் மேசையையும் தாண்டி நீண்டது அது. ஒரு முனை அகலம், மறு முனை குறுகலாகி நார் நாராகக் கிழிந்து தொங்கியது.

"என்னங்க இது, ஒத்தைக் கால் பேண்ட்டா? யாருக்கு, யானைக்கா?"

"கம்பத்துல கட்டுறது மேடம். காத்து எந்தப் பக்கம் அடிக்குது, எவ்வளவு அடிக்குதுன்னு பிளேன்லேருந்து பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். எங்க ஃப்ளையிங் கிளப்போடது."

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் கால்கள் சட்டென்று நின்றன.

"கிளப்பா? எங்க இருக்கு?"

நாலு மாதமாக அவள் தேடிக்கொண்டிருந்த இடமய்யா அது! தினமும் காலை ஏழே காலுக்குக் கடைக் கூரைக்கு மேலே ஒரு குட்டி வெள்ளை விமானம் போகும். ஒன்பது வருடமாக உட்கார்ந்த இடத்திலேயே பெடலை மிதித்து, ஒரு அங்குலம்கூட நகராத அந்தப் பெண்ணுக்கு அதன் மேல் அப்படி ஓர் ஆசை. விசாரித்துப் போன ஒரு விலாசத்தில் பொம்மை விமானம் விற்றார்கள். கிடைத்த ஃபோன் நம்பரை எடுத்தவர் கோழிப்பண்ணைக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் விமானத்தைத் துரத்திக்கொண்டே போய், முள்வேலியில் முட்டிக்கொண்டு திரும்பினாள். இப்போது என்னடாவென்றால் அதுவே சொட்டச் சொட்ட நனைந்து வந்து கடையில் நிற்கிறது.

"பழைய டயர் கம்பெனிக்குப் பின்னாடிங்க. இங்கேருந்து இருபதே நிமிஷம். போர்டை மரம் மறைச்சிடுச்சு."

"மரக்கிளையை வெட்டி விடணும்னு யாருக்கும் தோணலையாக்கும்?... எனக்குக் கத்துத் தருவாங்களா?"

"யாரைக் கேக்குறீங்க? அங்க சொல்லிக் கொடுக்கிறதே நான்தான்." அவன் பார்வை மிஷினின் பெடல் மேல் இருந்த அவள் பாதங்களில் ஒரு கணம் நின்றது. "வாங்க. உங்களுக்குச் சீக்கிரமே வந்துரும்."

காஜா எடுத்துக்கொண்டிருந்த அண்ணி, பின்னாலிருந்து வேண்டுமென்றே ஒரு முறை இருமினாள். அண்ணனின் மனைவி, கடையில் பாதிப் பங்கு, வாயில் முழுப் பங்கு.

*

மூன்றாம் நாள் தைத்து முடித்த காற்றுப் பையை வாங்கிக்கொண்டு போனான். நான்காம் நாள் ஃபோன்.

"மேடம்... என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன்? ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். யானையே இழுத்தாலும் பிரியாது."

"அது சரி. சின்ன முனையை எதுக்கு மூடித் தச்சீங்க?"

"கிழிஞ்சு அடி இல்லாம கிடந்துது. பாவமேன்னு நல்ல துணியில அடி வச்சுக் கொடுத்தேன். காசுகூடக் கேக்கலையே!"

"அடியே கிடையாதுங்க அதுக்கு! உள்ள போற காத்து வெளிய வர வேணாமா? இப்ப லேசா காத்து அடிச்சாலே உப்பிக்கிட்டு விறைப்பா நிக்குது. புயல் வருதுன்னு காலையிலேருந்து ஒருத்தரும் கிளம்பலை!"

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். இவளுக்கோ மானம் போயிற்று. தன் கடைத் தையலை இன்னொருத்தர் பிரிப்பதா? கத்தரியையும் நூல்கண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

கம்பத்தடியில் உட்கார்ந்து அடித் துணியைப் பிரித்து, வாயை மடித்துத் தைத்தாள். கயிற்றை அவன் இழுத்தான். பை மேலே போனது, காற்றைக் குடித்தது, வாலை ஆட்டியது. அதைப் பார்த்தபடி அவள் கேட்ட முதல் கேள்வி, "சேர்றதுக்கு என்ன பண்ணணும்?"

தரையில் விமானத்தைக் கையால் திருப்பக் கூடாது, காலால்தான் திருப்ப வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கார் ஓட்டும் நினைப்பில் கையை முறுக்கிக்கொண்டு, ரன்வேயில் பாம்பு போல நெளிவார்கள். அவளோ முதல் நாளே நடுக்கோட்டில் மடிப்புக் கலையாமல் போனாள். வலது கால், இடது கால், இரண்டும் தனித்தனியாகப் பேசின.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்றான் ஆச்சரியமாக.

"ஒன்பது வருஷம் பிளவுஸ் தச்சு."

அவன் சிரித்தான். பக்கத்து சீட். தோளுக்கும் தோளுக்கும் நாலு விரல் இடைவெளி... கீழே ஊர் தீப்பெட்டி தீப்பெட்டியாக நகர்ந்தது. அவள் பார்த்திருக்க வேண்டியது அடிவானத்தை. ஆனால் பெண்ணே, உன் கண் எங்கே போகிறது? அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள்.

*

கிளப் அறையில் ஒரு சுவர் உண்டு. முதல் முறை தனியாகப் பறந்துவிட்டு வருகிறவரின் சட்டையில் முதுகுப் பக்கம் ஒரு துண்டை, கற்றுக்கொடுத்தவர் வெட்டி எடுத்து, தேதி எழுதி அங்கே ஆணியடித்து மாட்டுவார். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் தையல்காரிக்கு வயிறு எரியும். ஒன்றுகூட நேராக வெட்டியதில்லை!

"கத்தரியைக் கையில எடுக்கவே உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கக் கூடாது," என்பாள்.

"உங்க துண்டை நேரா வெட்டுறேன், பாருங்க," என்பான் அவன்.

ஆனால் அந்த நாள் வரவேயில்லை. அவளுக்குப் பின்னால் சேர்ந்த பல் டாக்டர், பதினைந்து மணி நேரப் பயிற்சியிலேயே தனியாகப் பறந்துவிட்டார். அவருடைய கோடு போட்ட சட்டைத் துண்டு சுவரேறியது. அவளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறை இறங்கியதும் அவன் எங்கோ பார்த்துக்கொண்டு, "அடுத்த தடவை பார்க்கலாம்," என்பான்.

அன்று மூன்று முறை அழகாக இறக்கினாள். சக்கரம் தரையைத் தொட்டது தெரியாத அளவுக்கு. எஞ்சினை நிறுத்தியதும் கேட்டுவிட்டாள்.

"இன்னைக்கும் இல்லையா?"

"இன்னும் ரெடியாகலை..."

"எதுல ரெடியாகலை? இறக்குறதுலயா? திருப்புறதுலயா?"

அவன் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"சட்டை பொருந்தலைன்னா தோள்ல பிடிக்குதா, கழுத்துல பிடிக்குதான்னு சொல்லணுங்க. சும்மா பொருந்தலை, பொருந்தலைன்னா நான் எதைப் பிரிச்சுத் தைக்கிறது?"

"என்னால... இப்ப சொல்ல முடியலை."

"சொல்ல வேணாம். எனக்கே புரியுது. தையல்காரிக்கு இவ்வளவு போதும்னு நினைச்சிட்டீங்க."

"ஐயோ, அப்படியில்லைங்க..."

கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழ மாட்டேன், இவன் முன்னால் சத்தியமாக அழ மாட்டேன்... நேரே பெரியக்காவின் அறைக்குப் போனாள். கிளப்பில் எல்லாருக்கும் பெரியக்காவான தலைமைப் பயிற்சியாளர் அவர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, யாரையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவே பார்ப்பவர்.

"நீங்க என்னைச் சோதிச்சுப் பாருங்க மேடம். நான் லாயக்கில்லைன்னா நேரா சொல்லிடுங்க. போயிடுறேன்."

ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை பெரியக்கா. அதுதான் அவளுக்கு வினோதமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில ஏழு மணி. ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நான் வேணாம்னு சொன்னா, வேணாம்தான். அப்புறம் இங்க யார்கிட்டயும் கேக்க முடியாது."

வீட்டில் அண்ணி மட்டும், "ஏண்டி, சண்டை போட்டுட்டு வந்தவ எதுக்கு அந்த வெள்ளைச் சட்டையையே துவைச்சுக் காயப் போடுறே? வேற சட்டையே இல்லையா?" என்றாள்.

*

காலை ஏழு மணி. ராத்திரி மழையில் கழுவிவிட்ட வானம். ஹேங்கர் வாசலில் அவன் நின்றிருந்தான். தூங்காத கண்கள். அவள் பார்க்காதது போல் நடந்தாள். பார்த்தாள்தான்... ஆனால் பார்க்காதது போல்.

பெரியக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது. இறங்கி ஓரமாக நிறுத்தச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டைக் கழற்றினார்.

"மேடம்... எங்க போறீங்க?"

"எனக்கு டீ குடிக்கணும். நீ ஒரு சுத்து சுத்திட்டு வா."

கதவு மூடியது. பக்கத்து சீட் காலி. ஓர் ஆள் எடை குறைந்ததில் விமானம் தாவி ஏறியது. பயம் வரும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வரவில்லை. வாய் விட்டுச் சிரித்தாள். டயர் கம்பெனி, மரம் மறைத்த போர்டு, தூரத்தில் தையல் கடையின் தகரக் கூரை... அண்ணி நிச்சயம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

இறங்க வந்தாள். ரன்வே நேராக எதிரே. அப்போதுதான் ஆரஞ்சுப் பை வாலைத் தூக்கிக்கொண்டு சடாரென்று குறுக்கே திரும்பியது. அவள் தைத்த பை. அது விறைத்து நின்ற விதத்திலேயே காற்றின் பலம் தெரிந்தது. விமானத்தின் மூக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியது. இறக்கிவிடலாமா? கீழே அத்தனை பேர் பார்க்கிறார்களே...

பார்க்கட்டும். தப்பாக விழுந்த தையலை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கிறவள் இல்லை அவள். பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறவள். பவரை முழுக்கக் கொடுத்தாள். விமானம் ரன்வேக்கு மேலேயே எழும்பி மறுபடி வானத்துக்குப் போனது.

கீழே அவன் ரன்வே ஓரம்வரை ஓடி வந்து நிற்பது, விரல் அளவு தெரிந்தது.

இரண்டாம் முறை பையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காற்று வரும் பக்கம் இறக்கையைச் சாய்த்து, எதிர்ப் பக்கத்துக் காலை மிதித்து, ஒற்றைச் சக்கரம்... பிறகு இரண்டாவது. நடுக்கோட்டில்.

*

எல்லாரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் விசிலே அடித்தார். பெரியக்கா டீயைக் கீழே வைத்தார்.

"இறக்கினது நல்லா இருந்துது. ஆனா இறக்காம மேல போனே பாரு... அதுக்குத்தான் முழு மார்க்." பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "வெட்டுப்பா. கத்துக் கொடுத்தவன் நீதானே?"

அவன் ஆபீஸ் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"நில்லுங்க. காகிதம் வெட்டுற கத்தரியெல்லாம் என் துணியில படக் கூடாது." கைப்பையிலிருந்து தன் கத்தரியை எடுத்து நீட்டினாள். கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டே கேட்டாள். "முதல்ல பதில். எதுல ரெடியாகலை நான்?"

அவன் சுற்றிலும் பார்த்தான். எல்லாருக்கும் திடீரென்று ஹேங்கரில் வேலை வந்துவிட்டது. பல் டாக்டரைப் பெரியக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"நீங்க ஆறு மணி நேரம் முன்னாடியே ரெடி," என்றான் மெதுவாக. "நான்தான் ரெடியாகலை. உங்களைத் தனியா மேல அனுப்பிட்டுக் கீழ நிக்க என்னால முடியலை. எத்தனையோ பேரை அனுப்பியிருக்கேன், ஒரு தடவையும் தயங்கினதில்லை. உங்க விஷயத்துல... தப்பே கண்ணுக்குத் தெரியலை, இருந்தும் அனுப்ப மனசு வரலை. இது சொல்லிக் கொடுக்கிறவன் செய்யிற காரியம் இல்லைன்னு புரிஞ்சுது. நேத்து நீங்க பெரியக்கா ரூமுக்குப் போனதுக்கு முந்தின நாளே நான் அவங்ககிட்ட போய், இவங்களை நீங்களே சோதிச்சுப் பாருங்க, எனக்கு அந்தத் தகுதி போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

பெரியக்கா ஏன் எதுவும் கேட்கவில்லை என்று இப்போது புரிந்தது.

"இதை அன்னைக்கே என்கிட்ட சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா, நீங்க பறக்க வந்த இடத்துல எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க. முதல்ல பறந்துட்டு வரட்டும்னு நினைச்சேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் கத்தரியை அவன் கையில் விட்டுவிட்டுத் திரும்பி நின்றாள்.

கத்தரிச் சத்தம் வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, வரவில்லை.

"என்ன... இதுக்கும் மனசு வரலையா?"

"இங்க... ஏதோ கோடு போட்டிருக்கு." அவன் குனிந்து பார்த்தான். வெள்ளைச் சட்டையின் முதுகில், ஸ்கேல் வைத்தது போல் நேராக, ஆரஞ்சு நூலில் ஓர் ஓட்டுத் தையல். "இது... நம்ம பையில மிச்சமான நூல்தானே?"

"ஆமா. எங்க வெட்டணும்னு உங்களுக்குத் தெரியணுமே. உங்க கைவரிசையைத்தான் சுவர்ல பார்க்கிறேனே."

"எப்ப தச்சீங்க?"

"பதினாலாவது மணி நேரத்துல. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இதையேதான் துவைச்சுத் துவைச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன். என்னிக்காவது நீங்க வெட்டுவீங்கன்னு."

பிறகு கத்தரி நகர்ந்தது. தயங்கித் தயங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அத்தனை தெளிவாகக் கோடு போட்டுக் கொடுத்தும், மனுஷன் கோணலாகத்தான் வெட்டியிருந்தான்!

"கஷ்டம்..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணோரம் ஈரம், உதட்டில் சிரிப்பு. "தினமும் சாயந்திரம் ஆறு மணிக்குக் கடைக்கு வாங்க. நேரா வெட்ட நான் சொல்லித் தர்றேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்க ரெடின்னு நான் சொல்ற வரைக்கும்."

"சீக்கிரம் சொல்லிடுவீங்களா?"

"மாட்டேன்," என்றாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஆயுசு முழுக்கச் சொல்ல மாட்டேன்."