கழுத்தில் பட்ட காற்று

தையற்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைப்பதற்குள் அந்தப் பெண் கடைக்குள் வந்துவிட்டாள். அளவு கொடுக்க வந்தவள் மாதிரி நேராக நின்றுகொண்டு, "என் புருஷன் என் தம்பியைக் கொல்லப் பாத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

தையற்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளறையிலிருந்த அவர் மனைவி மட்டும் சாதாரணமாக, "உட்காரும்மா" என்றாள். வாகனப் பரிசோதனை அலுவலகத்தில் காலமெல்லாம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடியில் படுத்து எழுந்து ஓய்வு பெற்றவள் அவள். ஊரில் எல்லாருக்கும் அவள் பிரேக்கம்மா. வண்டி விபத்தில் யார் சொல்வது நிஜம் என்று தெரியாதவர்கள் அவளைத் தேடி வருவார்கள். யார் வந்தாலும் முதலில் செருப்பை மாட்டுவது தையற்காரர்தான். முதலில் தப்பாகச் சொல்வதும் அவர்தான்.

"அவர் கார் ரேஸ் ஓட்டுறவர்" என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். "கிளம்புறதுக்கு முன்னாடி நின்ன இடத்துலயே பின்சக்கரத்தைச் சுத்தவிட்டு டயரைச் சூடேத்துவாங்க. அதுக்கு முன்சக்கரத்தைப் பூட்டணும். பிரேக்கை மிதிச்சு, கியர் தண்டுல இருக்குற பட்டனை அழுத்திப் பிடிச்சா, காலை எடுத்தாலும் முன் பிரேக் பிடிச்சபடியே நிக்கும். பட்டனை விட்டாத்தான் விடும். என் தம்பி எதிர்ல நின்னு கை காட்டிக்கிட்டிருந்தான். திடீர்னு வண்டி பாஞ்சிருச்சு. கால் நொறுங்கிப் போச்சும்மா."

"பட்டனை விட்டுட்டாரா?" தையற்காரர் முந்திக்கொண்டார்.

"விரலை எடுக்கவே இல்லேங்கிறார். ஆனா மெக்கானிக் அன்னிக்குக் காலையிலயும் சோதிச்சார், அப்புறமும் சோதிச்சார். பூட்டு அசையாம நிக்குது." அவள் முந்தானை நுனியைத் திருகினாள். "முந்தின நாள் தம்பி வண்டிக்குள்ள எதையோ நோண்டிட்டு இருந்தான்னு இவர் திட்டினார். 'இன்னொரு தடவை கை வச்சே, காலை ஒடிச்சிருவேன்'னு. எல்லார் காதுலயும் விழுந்துச்சு. அம்மா நாளைக்குப் புகார் குடுக்கப் போறாங்க. நானும் கையெழுத்துப் போடணுமாம்."

"வேற என்ன சொன்னார் உன் புருஷன்?"

"கேட்டா சிரிப்பீங்க. வண்டி பாயறதுக்கு முன்னாடி கழுத்துல சில்லுன்னு காத்து பட்டுச்சாம். அம்மா, 'கொல்லப் போறவனுக்குச் சில்லிடத்தான் செய்யும்'ங்கிறாங்க." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புழுக்கமே ஆகாது அவருக்கு. அந்த உடுப்புக்குள்ள வெந்து போயிருவார். பொறந்தநாளுக்குக் குடுக்கலாம்னு வண்டியில மாட்டுற காத்துப் பெட்டி ஒண்ணு வாங்கி, ரகசியமா தம்பிகிட்ட குடுத்தேன். ரேஸ் முடிஞ்சதும் மாட்டறேன்னான். அப்படி இருந்த குடும்பம்மா நாங்க."

பிரேக்கம்மா எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டாள்.

வழி நெடுக தையற்காரர் மூன்று பேரைக் குற்றவாளியாக்கி, மூன்று பேரையும் அவரே விடுதலை செய்தார். ரேஸ் வண்டி நின்றிருந்த பட்டறைக்குள் நுழைந்தார்கள். அந்தக் கறுப்பு வண்டியின் முன்பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அதை யாரும் தட்டி நேராக்கவில்லை. ரேஸ்காரன் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். வந்த மனைவியை நிமிர்ந்து பார்க்கக் கூடப் பயந்தான்.

ஸ்பேனர் என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக் விறுவிறுவென்று செய்து காட்டினான். பிரேக்கை மிதித்து, பட்டனை அழுத்தி, காலை எடுத்தான். தையற்காரரும் இன்னொரு ஆளும் மூச்சைப் பிடித்துத் தள்ளியும் வண்டி இம்மியும் நகரவில்லை.

"வால்வு சுத்தம். எண்ணெய் புதுசு. குழாய்ல காத்து இல்லே. இதுக்கு மேல என்னம்மா பாக்கணும்?"

"எப்பவும் இன்ஜினை அணைச்சு வச்சுத்தான் சோதிப்பீங்களா?"

"ஓடுற ரேஸ் வண்டிக்கு முன்னாடி நின்னு தள்ள எனக்கென்ன பைத்தியமா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தையற்காரர் அதற்குள் ஆணியில் தொங்கிய ரேஸ் உடுப்பைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். "எவன்யா தச்சது? கழுத்துப் பட்டி ஒரு விரல் தளர்ச்சி. ஹெல்மெட் போட்டாலும் பின்னாடி காத்து புகும்."

பிரேக்கம்மா சட்டென்று திரும்பினாள். "புகும். எங்கேருந்து புகும்? ஏம்ப்பா, வண்டிக் கண்ணாடி திறந்திருந்துச்சா?"

"இல்லம்மா, மூடித்தான் இருக்கணும். அது விதி" என்றான் ரேஸ்காரன்.

"காத்து முகத்துல பட்டுச்சா?"

"பின்கழுத்துலம்மா. சத்தியமா பட்டுச்சு. பயத்துல உளறலை."

அவள் டார்ச்சை இருக்கையின் பின்புறம் அடித்துக் குனிந்து பார்த்தாள். பிறகு, "சாயந்தரம் வீட்டு ஆளுங்க எல்லாரும் இங்கே வரணும். கால்ல கட்டுப் போட்டவனும்" என்றாள்.

சாயந்தரம் வண்டி நான்கு சக்கரமும் தரையில் படாமல் இரும்புத் தாங்கிகளின்மேல் ஏறி நின்றது. மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த அம்மா, மாப்பிள்ளை நின்ற பக்கம் திரும்பவே இல்லை. தம்பி மடியிலிருந்த போர்வையைப் பார்த்தபடியே இருந்தான். வண்டிக்கு எதிரில் யாரும் நிற்கக் கூடாது என்று பிரேக்கம்மா எல்லாரையும் சுவரோரம் ஒதுக்கினாள்.

ரேஸ்காரன் உடுப்பும் ஹெல்மெட்டும் போட்டு உள்ளே ஏறினான். கண்ணாடிகள் மூடின. பிரேக்கை மிதித்தான், பட்டனை அழுத்தினான், காலை எடுத்தான். "என்னங்க, பக்கவாட்டுல உட்கார்ந்து முன்சக்கரத்தைத் திருப்பிப் பாருங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்றாள் அவள்.

தையற்காரர் இரண்டு கையாலும் முறுக்கினார். சக்கரம் நகரவில்லை. இன்ஜின் உறுமத் தொடங்கியது. பட்டறை முழுக்க அதிர்ந்தது. அப்போதும் நகரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, உள்ளே சூடு ஏறிக்கொண்டிருந்தது. "நான்தான் சொன்னேனே" என்று ஸ்பேனர் கத்தினான். தையற்காரருக்கும் மனசு விட்டுப் போயிற்று. பாவம், அந்தப் பெண்ணின் வாழ்க்கை அவ்வளவுதான் என்று நினைத்தார்.

"காத்து!" உள்ளேயிருந்து அலறல் கேட்டது. "அதே காத்து!"

அந்தக் கணமே தையற்காரரின் கைக்குள் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுழன்றது. அவர் பின்னால் மல்லாந்து விழுந்தார். இந்தச் சக்கரம் தரையில் இருந்திருந்தால், எதிரில் ஒரு ஆள் நின்றிருந்தால் என்ற நினைப்பில் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

பிரேக்கம்மா கை காட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னாள்.

"பூட்டைப் பிடிச்சு வைக்கிறது கரண்ட்" என்றாள். "பட்டனுக்குப் போற ஒல்லி ஒயர்லயே இன்னொண்ணுக்கும் கரண்ட் எடுத்திருக்கு. வண்டிக்குள்ள சூடு ஏறினா அது தானா ஓடும். ஓடினா இதுக்குப் போற கரண்டையும் இழுத்துக்கும், பூட்டு தளர்ந்துரும். இன்ஜினை அணைச்சு நிழல்ல வச்சு எத்தனை தடவை தள்ளினாலும் தெரியாது. ஸ்பேனர் பொய் சொல்லலை. இவரும் பொய் சொல்லலை."

"அது எதும்மா?" ஸ்பேனரின் குரல் இறங்கியிருந்தது.

அவள் கதவைத் திறந்து, இருக்கைக்குப் பின்னால் திருகி வைத்திருந்த சின்னப் பெட்டியைக் காட்டினாள். இன்னும் லேசாக ஊதிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் கிட்டே வந்து பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது. "இது நான் வாங்கினது. இன்னும் மாட்டவே இல்லையே..."

"முந்தின நாள் வண்டிக்குள்ள நோண்டினது யாரு?" என்று பிரேக்கம்மா மெதுவாகக் கேட்டாள்.

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். தம்பி போர்வையை விட்டுத் தலையை நிமிர்த்தினான். "ரேஸ் அன்னிக்கே மாமா அசந்து போகட்டும்னு மாட்டினேன். மாட்டும்போது மாமா வந்து திட்டினார், ரகசியமாச்சேன்னு வாயைத் திறக்கலை. ஆஸ்பத்திரியில மாமா காத்து பட்டுச்சுன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"அப்பவே ஏண்டா சொல்லலை?" அம்மா அலறினாள்.

"அக்கா ஆசையா வாங்கினதும்மா. அவ வாங்கினதாலதான் என் கால் போச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. மாமா எப்படியாவது தப்பிச்சிருவார்னு நெனச்சேன்."

தையற்காரருக்கு அவன்மேல் கோபம் வந்தது, அதே மூச்சில் பாவமாகவும் இருந்தது. அக்காக்காரிக்குக் கோபம் மட்டுமே வந்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"என்னைக் காப்பாத்த என் புருஷனையாடா கொலைகாரன் ஆக்குவே? நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டிருப்பேனேடா!"

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. திரும்பி வண்டியைப் பார்த்தாள்.

ரேஸ்காரன் இன்னும் இறங்கவில்லை. இன்ஜின் நின்று இவ்வளவு நேரமாகியும் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கட்டைவிரல் பட்டன்மேல் வெளுத்துப்போய் அழுந்திக் கிடந்தது.

"பாரு" என்றான் அவளிடம். "இப்பவும் எடுக்கலை."

அவள் வண்டிக்குள் கையை நீட்டி, அந்த விரலை மெல்லப் பிரித்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.