ஒதுங்கி நிற்கும் படை

கிரீடத்தின் உட்புறம் ஈரமாக இருந்தது.

கதிர்காமநாதன் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மனைவி சிவமலர் போன மாதமே அட்டையில் வெட்டி, பொன்தாள் ஒட்டி, ஹம்பேர்க்கின் வெயிலை நம்பாமல் ஹீட்டரின் மேல் வைத்துக் காயவைத்த கிரீடம். பிடரி படுகிற இடத்தில் மட்டும் ஈரம். முகர்ந்தால் சேற்று வாடை. அதற்கடியில் பழைய சில்லறைக் காசின் வாடை. கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார். பதினான்கு ஆண்டுகளாகத் தமிழ்ச் சங்கத் தலைவராக இருப்பவருக்கு ஈரக் கிரீடமும் கிரீடம்தான்.

ஆண்டுவிழாவுக்குக் கூத்து. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரே பாட்டன்வழி வந்த இரண்டு அரச குடும்பங்கள், வெள்ளை ரோசாவும் சிவப்பு ரோசாவுமாகப் பிரிந்து, ஒரு நாற்காலிக்காக முப்பது ஆண்டுகள் வெட்டிக்கொண்ட கதை. அதைக் கைப்பேசியில் வாசித்தபோது சங்கத்தின் பொதுக்கூட்ட அறிக்கையை வாசிப்பது போலவே அவருக்கு இருந்தது. அவருக்கும் ஒன்றுவிட்ட தம்பி துவாரகனுக்கும் பாட்டன் ஒருவர்தான், நாற்காலியும் ஒன்றுதான். நாளைக்குத் தேர்தல். பற்குணத்தின் ஆட்கள் கை தூக்கினால் கதிர்காமநாதன், தூக்காவிட்டால் துவாரகன்.

பற்குணம் தூக்குவார். நாற்பது ஆண்டுக்கு முன் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரே விமானத்தால் இறங்கி, அகதி முகாமில் ஒரே குளிர்ச்சட்டையை மாறி மாறிப் போட்டவர்கள் அவர்கள்.

கூத்தில் கதிர்காமநாதன், வெள்ளை ரோசாவின் கடைசி அரசன் ரிச்சர்ட். தோற்கிறவன்தான், ஆனால் தோற்கிறவனுக்குத்தான் பாட்டு அதிகம். பற்குணம், ஸ்டான்லி பிரபு. போர்க்களத்தில் படையோடு ஒதுங்கி நின்று, கடைசி நேரத்தில் சிவப்புப் பக்கம் பாய்ந்து அரசனைச் சூழ்ந்து வெட்டுகிறவன். அரசனின் கடைசிச் சொல் "துரோகம்". அந்தச் சொல்லை மட்டும் ஒத்திகையில் சொல்லக்கூடாது. கூத்துப் பழக்கும் பாசையூர் பற்றிமா அக்கா அதற்கு முன்னரே தாளத்தைத் தட்டி நிறுத்திவிடுவார்.

"மேடையில செத்தவன் மங்களத்துக்கு எழும்புவான், அண்ணை. வெறும் மண்டபத்தில செத்தா எழும்ப ஏலாது."

"நான் தலைவர், அக்கா. எங்கட சங்கச் சட்டத்தில அப்பிடி ஒரு விதியும் இல்லை," என்று அவர் அப்போது பகிடி விட்டிருந்தார்.

இன்று பற்றிமா அக்காவுக்குக் காய்ச்சல். வெளியே மாலை ஐந்து மணிக்கே கும்மிருட்டு. கதிர்காமநாதன் உடுப்பு மாற்றி, கூத்து வாளை எடுத்து, மார்பில் வெள்ளைத் துணி ரோசாவைக் குத்திக்கொண்டு வந்தபோது, பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தின் தூரச் சுவரோரம் ஸ்டான்லியின் படை ஏற்கெனவே வரிசையாக நின்றது. முகமூடி இறக்கிய தலைக்கவசங்கள், நீட்டிய ஈட்டிகள், ஒரு இருமல்கூட இல்லை.

"என்ன பற்குணம், நேரத்துக்கு வந்திட்டாய். இண்டைக்கு மழைதான்."

ஒரு கவசமும் திரும்பவில்லை. பாத்திரத்தில் ஊறிவிட்டான் என்று மெச்சிக்கொண்டார். நனைந்த குதிரையின் மணம் வந்தது. மண்டபத்தில் இருந்த ஒரே குதிரை, பிள்ளைகள் தாண்டிப் பழகும் தோல்குதிரை.

தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கினார். கண்ணை மூடி நின்றபடி இரண்டாம் அடியை இழுத்தபோது விளக்கு அணைந்தது. ஆளசைவு இருந்தால் மட்டும் எரிகிற விளக்கு. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஜேர்மன்காரன் கண்டுபிடித்த கஞ்சத்தனம். வாளை வீசினார். எரிந்தது.

படை மண்டபத்தின் பாதியில் நின்றது.

அசைந்தால் எரிய வேண்டிய விளக்கு. அது எரியாமல் இவர்கள் எப்படி நடந்தார்கள் என்று யோசித்தவாறு நின்றவரின் இடுப்பில் கைப்பேசி அதிர்ந்தது. சிவமலர்.

"இஞ்சருங்கோ, எங்க நிக்கிறியள்?"

"ஒத்திகையில. ஏன்?"

"ஆரோட ஒத்திகை? நான் ஸ்டேசனடிக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வந்தனான். பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில பற்குணமண்ணை இருக்கிறார். துவாரகனுக்குப் பக்கத்தில. எல்லாற்ற சட்டையிலயும் சிவப்புத் துணி ரோசா. நாளைக்கு உங்களை இறக்கப் போகினமாம். பகிடி விட்டுச் சிரிக்கினம்."

"எல்லாருமோ?"

"ஓம், உங்கட கூத்துக்காரர் முழுப்பேரும். எனக்கும் ஒரு வடை தந்தவை. நான் தொடேல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஈட்டிகள் நின்றன. கவசங்களின் கண்துளைகளில் இருட்டு. இரும்புக் கால்களைச் சுற்றி, மண்டபத்தின் மினுங்கும் தரையில், சேறு.

ஓடியிருக்கலாம். கதவு பின்னால்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் நெஞ்சில் பயத்துக்கு இடமில்லை. ஒரே குளிர்ச்சட்டை. பற்குணத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்த கிழமை முழுதும் இவர் அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு நடுங்கிய சட்டை. இன்று அவன் சட்டையில் சிவப்பு ரோசா. சிரிக்கிறானாம்.

"துரோகம்," என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். பாட்டாகக்கூட இல்லை. தாளம் தட்ட யாரும் இல்லை.

விளக்கு அணைந்தது.

வாளை வீசினார். எரியவில்லை. மறுபடி வீசினார். கையை ஆட்டினார். குதித்தார். தலைவர், அரசர், இருட்டில் தனியே குதித்தார். தரை வழுக்கியது, கைப்பேசி கைநழுவி விழுந்தது. சேறு. அவர் காலடியிலும்.

நின்றுவிட்டார்.

மூச்சுச் சத்தம். அவருடையது இல்லை. குதிரை மணம், மிக அருகே. பிடரியில் ஏதோ குளிர்ந்தது. வலிக்கவில்லை. தலை மட்டும் இலேசாகிவிட்டது.

அசையவில்லை. மூச்சையும் பிடித்துக்கொண்டார். கண்கூட இமைக்கவில்லை.

விளக்கு எரிந்தது.

சுற்றிவரக் கவசங்கள், தோளோடு தோள், கதவை மறைத்து. நேரெதிரே ஸ்டான்லியின் இடத்தில் நின்ற கவசம், இரண்டு கைகளாலும் அவருடைய அட்டைக் கிரீடத்தைத் தன் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தது. கிரீடத்தின் பின்பக்கத்திலிருந்து ஏதோ சொட்டியது.

"இஞ்சருங்கோ," என்றது கைப்பேசி தரையிலிருந்து. "கேக்குதோ?"

அவர் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். வெள்ளை ரோசா, ஒவ்வொரு இதழாக, அடியிலிருந்து சிவந்துகொண்டு வந்தது.