விடுவதற்குத்தான் கரண்ட்

காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது. உப்பளத்திலிருந்து வந்து கைகால் கழுவி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதுதான் ராஜாங்கம் அதைத் தற்செயலாகப் பார்த்தான். மேசை மேல் அவனே செய்து வைத்திருந்த மோட்டாரின் மரவட்டில் ஒட்டியிருந்த ஸ்பீக்கர் காந்தங்களில் ஒன்றில் மட்டும் கறுப்பு மணல் மயிர் மயிராகச் சிலிர்த்து நின்றது. விரலால் தொட்டான். ஈரம். முகர்ந்தான். மீன் கவிச்சியோடு பாசி அழுகிய நெடியும் வந்தது. அவன் வீடு இருப்பது உப்பளத்தின் ஓரம். சுற்றிலும் சேறும் களிமண்ணும் உப்பும்தான். கறுப்பு மணலுக்குக் கால்வாயைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, சவுக்குத் தோப்பையும் தாண்டிக் கடற்கரைக்குப் போக வேண்டும். மகள் மலர்கொடி எங்கேயோ அளைந்துவிட்டு வந்து கையை வைத்திருப்பாள் என்று துணியால் துடைத்துப் போட்டான்.

அந்தப் பக்கத்தில் அவனுக்கு இன்ஜினியர் என்று பெயர். பாதி கேலி, பாதி மரியாதை. உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் என்ஜின்களைப் பார்த்துக்கொள்வதும், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவதும் அவன் பிழைப்பு. இடையஞ்சாவடியில் ஒரு வெள்ளைக்காரரின் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்தபோது இந்த மோட்டார் வித்தையைப் பார்த்து வைத்திருந்தான். உளுந்துவடை மாதிரி நடுவில் ஓட்டை போட்ட ஒரு கறுப்பு வளையம். அதைச் சுற்றி நெருக்கமாகச் செப்புக் கம்பி. எதிரே காந்தம் ஒட்டிய வட்டு. வளையத்தைக் கண்டால் காந்தம் தானே ஓடிவந்து ஒட்டப் பார்க்கும். நேருக்கு நேர் வரும் நேரத்தில் கம்பிக்குள் ஒரு துடிப்புக் கரண்டை விட்டால் வளையத்தின் வயிறு நிரம்பிவிடும், அதற்குக் காந்தத்தின் மேலிருந்த ஆசை போய்விடும். வந்த வேகத்தில் காந்தம் தாண்டிப் போகும், அடுத்தது வரும். வட்டு சுற்றிக்கொண்டே இருக்கும்.

"இழுக்கறதுக்குக் கரண்டே வாணாம்பா. விடறதுக்குத்தான் கரண்ட்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்தது. உப்பள முதலாளி சடையப்பனே வந்து பார்த்துவிட்டு, "ஏம்பா, இப்பேர்ப்பட்ட மூளைய வச்சிகினா நம்ம சேத்துல கெடக்குற?" என்று தோளில் தட்டினார். காந்தம் ஏது என்று கேட்டவர்களுக்குப் பாண்டிச்சேரி காயலான் கடை என்றான். மனைவி வசந்தாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தான்.

அது பொய். சுனாமி அலை வந்து போன மறுநாள் உப்பளத்து ஆட்கள் எல்லோரும் மீனவர் குப்பத்துக்கு ஒத்தாசைக்குப் போனார்கள். மற்றவர்கள் சேற்றைத் தோண்டிப் பிணங்களை எடுத்துக்கொண்டிருந்தபோது, ராஜாங்கம் இடிந்த வீடுகளின் பின்பக்கம் குந்தி, கவிழ்ந்து கிடந்த ஸ்பீக்கர் பெட்டிகளின் ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். எடுத்ததைக்கூட ஒரு வழியாக மறந்துவிடலாம். பிணம் தூக்கப் போகிறவன் இடுப்பில் எதற்கு ஸ்குரூ டிரைவரைச் செருகிக்கொண்டு போனான் என்பதை நினைக்கும்போதுதான் உடம்பெல்லாம் கூசியது. அந்த நினைப்பு வந்தால் சாப்பிடுகிற சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

உப்பளத்துக்காரர்களுக்கு நண்பகல்தான் நடுச்சாமம். விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறி, சோறு தின்றுவிட்டு எல்லோரும் படுத்துவிடுவார்கள். வெளியே பாத்திகள் கண்ணைக் குத்தும் வெள்ளையாக எரியும், காக்கைகூடக் கத்தாது, கதவிடுக்கு வழியாக வரும் வெளிச்சம் மட்டும் தரையில் மெல்ல நகரும். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் மேசைப் பக்கம் மணல் உதிர்கிற சத்தத்தையும், அதற்குப் பின்னால், நனைந்த துணியிலிருந்து சொட்டுவது போன்ற ஒரு சத்தத்தையும் ராஜாங்கம் கேட்டான். எழுந்து பார்த்தால் அதே காந்தத்தில் மணல் இன்னும் தடிமனாக அப்பியிருந்தது. இந்த முறை வெறும் தாடியாக இல்லை. நாலு கோடுகள் மேலே, ஒரு குட்டைக் கோடு கீழே. சின்னக் கை ஒன்று காந்தத்தை உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டது போலிருந்தது.

பாட்டரிக் கம்பியைச் செருகினான். வட்டு முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. வளையத்தைத் தாண்டும்போதெல்லாம், ஒவ்வொரு துடிப்புக்கும், அந்த விரல்களிலிருந்து ஒரு சிட்டிகை மணல் உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் காந்தம் சுத்தமாகிவிட்டது. அன்றிலிருந்து அவன் மோட்டாரை நிறுத்தவில்லை. வசந்தா கேட்டதற்கு, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று சோதனை பண்ணுகிறேன் என்றான்.

ஒருநாள் மீன்கூடையோடு வைஜெயந்தி வந்தாள். குப்பத்துக்காரி, அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மீன் கொண்டுவருகிறவள். அவள் மகன் சுரேஷ் அலையில் போனவன். உடம்பு கிடைக்கவில்லை. வாசலில் கூடையை இறக்கிவிட்டு, வசந்தாவிடம் பேசுகிற சாக்கில் அழுதாள்.

"வந்துருவான் வந்துருவான்னு அவங்க அப்பா இத்தன நாள் காரியம் பண்ண உடல. இப்பத்தான் மனசு வந்துருக்குது. உடம்பு இல்லாதவனுக்கு, அவன் பொழங்குன பொருள வச்சிதான் எங்க பக்கம் பண்ணுவாங்க. அவனுக்கு ரேடியோ ஸ்பீக்கர் மேல கைய வச்சிகினு படுத்தாத்தான் தூக்கம் வரும், அந்த அதிர்வு வேணும். பொட்டி கெடச்சுதுக்கா. உள்ள ஒண்ணுமில்ல. ஸ்குரூவெல்லாம் கழட்டிக் கெடக்குது." அவள் ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, நீங்க இதெல்லாம் தெரிஞ்சவரு. அலையா ஸ்குரூ கழட்டும்?"

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். உள்ளே வட்டு சுற்றும் சத்தம் வாசல்வரை கேட்டது. இப்போதே உள்ளே போய் எடுத்துவந்து அவள் மடியில் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

"தெரியலயேம்மா" என்றான்.

மறுநாள் மத்தியானம் பாட்டரி செத்துவிட்டது. வட்டின் முனகல் இறங்கி இறங்கி, கடைசியில் அந்தக் காந்தம் வளையத்துக்கு நேரே வந்து நின்று ஒட்டிக்கொண்டது. அவன் கண் முன்னாலேயே தரையில் சிந்திக் கிடந்த மணல் நகர்ந்தது. மேசைக் காலில் ஏறியது. வசந்தா தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு ரோட்டுக்குப் போயிருந்தாள். பாயில் மலர்கொடி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மணல் மேசைக் காலில் பாதி தூரம் ஏறி நின்றது. பிறகு, பாயின் பக்கம் திரும்பியது.

ராஜாங்கம் காந்தத்தைப் பிய்த்தெடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினான். வரப்பு வழியே, கால்வாய்ப் பாலத்தின் வழியே, தார் ரோட்டைத் தாண்டி. வெயிலில் வெறும் கால் பொரிந்தது. துண்டு நனைந்தது, கனத்தது. உள்ளே எதுவோ அவன் விரல்களைத் தேடித் தேடிப் பற்றியது. குடிசைக்கு முன்னால் வைஜெயந்தி வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன், இன்னும் நாலைந்து பேர்.

"என்னாண்ணே இந்த வெயில்ல?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அன்று பிணம் தூக்க வந்தவன் என்று அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று இடம் விட்டார்கள். ஒருத்தன் குடிக்கத் தண்ணீர்கூட எடுத்து வந்தான். அந்த மரியாதைதான் அவன் வாயை அடைத்தது.

"சும்மாதாம்மா. மீன் எதனா இருக்குதான்னு கேக்க வந்தேன்."

"இதுக்கா இப்படி ஓடியாந்தீங்க? போங்கண்ணே, நானே எடுத்தாறேன்."

திரும்பி வருகிற வழியில் துண்டின் கனம் மெல்ல மெல்லக் குறைந்தது. கால்வாய்ப் பாலத்தருகே பிரித்துப் பார்த்தான். காந்தம் இருந்தது. வெறும் காந்தம். ஒரு மணல் துகள்கூட அதில் இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டவன் அந்த மூச்சை முடிக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது இப்போது எங்கே? காந்தத்தைக் கால்வாயில் எறிந்துவிட்டு ஓடினான்.

கதவு திறந்திருந்தது. உள்ளே பாசி நெடி. தரை ஈரம். பாயில் மலர்கொடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் முதுகோடு ஒட்டி இன்னொன்று படுத்திருந்தது. அவள் உயரம்தான். கறுப்பு. முகம் என்று எதுவும் இல்லை. அதன் கை அவள் நெஞ்சைச் சுற்றிப் போயிருந்தது. அவள் மூச்சு விடும்போதெல்லாம் அந்தக் கை கொஞ்சம் இறுகியது. மணல் துகள் துகளாக அவள் கழுத்துவரை ஏறியிருந்தது.

மேசை மேல் மோட்டார். செத்த பாட்டரி. விடச் சொல்வதற்கு வீட்டில் ஒரு துளி கரண்ட் இல்லை.

"அண்ணே!"

பின்னால் வாசலில் வைஜெயந்தி. அவன் கேட்டானே என்று கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள். வியர்வை வழியச் சிரித்தாள். அவள் பெற்றவள். ஒரு வார்த்தை போதும். உன் பிள்ளையைக் கூப்பிடு என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் கூப்பிட்டால் அது விட்டுவிடும், ராஜாங்கத்துக்கு அது தெரிந்தது. அவள் உள்ளே பார்த்தால் மேசையைப் பார்ப்பாள். வட்டைப் பார்ப்பாள். மற்றக் காந்தங்களைப் பார்ப்பாள்.

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். முதுகால் சாத்தி, அதிலேயே சாய்ந்து நின்றான்.

"பாப்பா எங்கண்ணே?"

"தூங்குது."

கதவுக்குப் பின்னால் மலர்கொடியின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கத்தில், மூச்சு முட்ட. "ப்பா... இவன் விட மாட்றான்ப்பா."

வைஜெயந்தியின் சிரிப்பு நின்றது. "என்னாண்ணே சொல்லுது?"

"கனா காணுது."

"ப்பா..."

கதவின் அடியிடுக்கிலிருந்து கறுப்பாக, ஈரமாக, நாலு சின்ன விரல்கள் வெளியே வந்தன. தன் அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டு வந்தது போல, வாசற்படியைத் தடவித் தடவி அவள் பக்கம் நீண்டன. வைஜெயந்தி அவன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கீழே பார்க்கவில்லை.

"என்னா மீனு கொண்டாந்த?" என்று கேட்டுக்கொண்டே, ராஜாங்கம் தன் காலைத் தூக்கி அந்த விரல்களின் மேல் வைத்து மிதித்து மறைத்தான்.