நாலு மணிக் கை

ஐந்து மணியானதும் கைகள் இரண்டும் கூரைத் தண்டவாளத்தில் நகர்ந்துபோய் மூலையில் மடங்கிக்கொண்டன. மோனிஷா அவை போன திக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வயிறு நிறைந்திருந்தது. எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, தலையை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தது. முகத்தில் பவுடர்கூட இருந்தது.

“மகராசி, நல்லா இருக்கோணும்,” என்றாள். “ஒரு முடி இழுபடலியே. யாரு பெத்த புள்ளையோ.”

“நல்லாவே இருக்கட்டும். வாயைத் திற,” என்று தங்கை சிந்துஜா மாத்திரையை நீட்டினாள்.

“பாத்தியா, நீ மாத்திரை குடுக்கறதே அடிக்க வர்ற மாதிரி இருக்குது. அந்தப் புள்ளை கையில ஒரு பதவிசு இருக்குதுடி. கூடப் பொறந்தவளுக்கு அது வரல. என்ன பண்றது?”

சிந்துஜாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்னது உண்மை. அவளுக்கு வயது அறுபத்தொன்று. அக்காவுக்கு அறுபத்தாறு. ஐந்து வருடம் முன்பு பக்கவாதம் வந்து மோனிஷாவின் வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. கோயமுத்தூர் கணபதியில் அவர்கள் இருந்த கட்டடத்தில் எழுபத்திரண்டு வீடுகள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. ஊரே அப்படித்தான் இருந்தது.

கைத்துணை என்ற அந்த ஏற்பாடு மட்டும் இல்லையென்றால் எப்போதோ இருவரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியிருப்பார்கள். இருபது வருடம் முன்பு அது வந்தபோது கோயமுத்தூரே கொண்டாடியது. வீட்டுக்கு வீடு கூரையில் ஒரு ஜோடி தொலைக்கை. உங்கள் வீட்டில் தொடுகையுறையைப் போட்டுக்கொண்டு நீங்கள் விரலை அசைத்தால் பீளமேட்டிலோ சூலூரிலோ ஒரு வீட்டில் தொலைக்கை அசையும். அங்கே சோற்றைப் பிசைந்தால் அதன் சூடு இங்கே உங்கள் விரலில் தெரியும். நீங்கள் ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்குக் கை கொடுத்தால் வேறொருவர் ஒரு மணி நேரம் உங்கள் வீட்டுக்குக் கை கொடுப்பார். ஒரு நாளைக்கு அதற்கு மேல் கையுறை விடாது, விரல் நரம்பெல்லாம் மரத்துப்போகும்.

தன் வீட்டில் செய்தால் சலிக்கிற வேலை அடுத்த வீட்டில் செய்தால் சலிப்பதில்லை. மனிதர்களின் இந்தக் கோணல் புத்திதான் அந்தக் கண்டுபிடிப்பின் அச்சாணி. பெற்ற மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவுகிற புண்ணை, முன்பின் தெரியாத ஒருவர் பொறுமையாகக் கழுவிவிட்டுப் போனார். ஆளில்லாமல் தானே இயங்கும் கைகளைத்தான் முதலில் செய்து பார்த்தார்களாம். அவை ஊட்ட வந்தால் நோயாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகே வாயைத் திறந்தார்கள்.

யாருக்கு யார் செய்கிறார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கை கொடுப்பவரின் கண்ணாடியில் மறைதிரை ஒன்று விழும். அதில் எல்லா உடம்பும் ஒரே சாம்பல் உருவம், எல்லா அறையும் ஒரே சாம்பல் அறை. குரல் போகாது, வராது. ஆரம்பத்தில் குரல் இருந்தது. “ஏனுங்க, இத்தனை உப்பா போடுவீங்க?” என்று தொடங்கி வீட்டுக்கு வீடு சண்டை மூண்டதால் அதை எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினால் ‘வேண்டாம்’, இரண்டு தட்டு தட்டினால் ‘சரி’. அவ்வளவுதான் பாஷை.

பேசியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு முற்றம் என்று ஒரு திரை இருந்தது. கொள்ளுப் பருப்பு அடிபிடித்தது, மாமனார் நான்கு நாளைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்தது, குழாயில் தண்ணீர் செம்மண்ணாக வந்தது என்று எல்லாம் அங்கே வந்துவிடும். ரேஷ்மா என்றொருத்தி தினமும் தன் ஜன்னலில் முட்டையிட்ட புறாவைப் பற்றி எழுதுவாள்.

சிந்துஜா ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு பதிவு எண்தான் என்பது விதி. அக்கா விழுந்ததும் பொள்ளாச்சியிலிருந்த மாமாவின் பழைய முகவரியைக் கொடுத்து அவள் பேரில் தனியாக இன்னொரு எண் வாங்கிவிட்டாள். அக்காவுக்கு ஒரு கை, தனக்கு ஒரு கை. தனக்கு வந்த கை சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்தது. சனிக்கிழமை தலையில் எண்ணெய் தேய்த்து உச்சியில் தட்டியது. இரண்டு வருடம் முன்பு ஒருநாள் அது வரவில்லை. ‘உங்களுக்குரிய கை காத்திருப்பில் உள்ளது’ என்று எழுத்து வந்தது. முற்றத்தில் அதை எழுதினாள். முதல் ஆளாக ரேஷ்மாதான் பதில் போட்டாள்: ‘நாங்க இருக்கோம் சிந்துக்கா.’ அதன் கீழே இருநூறு பேர் அதையே சொன்னார்கள். ஆறுதல் சொல்ல யாருக்கும் கை தேவைப்படவில்லை.

அதன் பிறகும் அவள் கை கொடுப்பதை நிறுத்தவில்லை. தினமும் நாலு மணிக்கு அக்காவின் கட்டிலருகே எண்ணெயும் சீப்பும் சோறும் எடுத்துவைத்துவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்துவாள். காதடைப்பான், கண்ணாடி, கையுறை. பதிவு எண்ணை மறைதிரை காட்டாது, வேறொரு எண்ணைத்தான் காட்டும். எட்டு மாதமாக ஒரே எண்தான் வந்தது: 4410. அந்த எண்ணுக்குரியவளும் படுக்கையில் கிடக்கும் ஒருத்திதான்.

அந்த ஒரு மணி நேரம் சிந்துஜா வேறொருத்தி. அக்காவைப் போல 4410 ‘ஃபேனைக் குறை’ என்று பத்துத் தடவை கூப்பிடாது. முப்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணப் பேச்சு எதனால் முறிந்தது என்று கிளறாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு சில நேரம் அவள் விரலைப் பிடித்துக்கொள்ளும். அவளுக்கு 4410-ஐ மிகவும் பிடித்திருந்தது. தன் அக்காவின் தலையைத் தன் கையால் தொட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மோனிஷா படுத்தபடியே சிரித்தாள்.

“நேத்து அந்தப் புள்ளைக்கு ஒரு கமலாச் சுளை குடுத்தேன்டி. எத்தனை நாளைக்குச் சும்மா வாங்கிட்டே இருக்கறது? உள்ளங்கையில வெச்சேன். பாவம், என்ன பண்றதுன்னே தெரியல. கொஞ்ச நேரம் அப்படியே வெச்சுட்டு, அப்புறம் என்ற வாயிலயே ஊட்டி உட்டுருச்சு.”

சிந்துஜாவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. நேற்று 4410 அவள் உள்ளங்கையில் எதையோ வைத்தது. குளிர்ச்சியாக, வளைவாக, மெல்லிய தோலோடு. ஏதோ பழம் என்று மட்டும் தெரிந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அதன் வாயிலேயே ஊட்டினாள். அதன் தாடை குலுங்கியது. சிரிக்கிறது என்று நினைத்து இவளும் இங்கே தனியாகச் சிரித்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு அவள் கையுறை போடவில்லை. அக்காவின் அறை வாசலில் மறைவாக நின்றாள். கைகள் இறங்கவில்லை. மோனிஷா மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை ஆனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சிந்துஜா ஓடிப்போய்க் கையுறையை மாட்டினாள். காதடைப்பான் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் கிரீச்சிடுவது தெளிவாகக் கேட்டது.

அடுத்த நாள் காலையில் கைத்துணையின் வட்டப் பொறுப்பாளர் அஸ்வந்தைப் போனில் கூப்பிட்டாள். ஐம்பது வயதுக்காரர், எப்போதும் தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மனிதர். அவள் சொல்வதை முழுசாகக் கேட்டார்.

“கண்டுபுடிச்சுட்டீங்களாக்கா,” என்றார்.

“எப்படிங்க? ஊருல வேற வீடே இல்லையா?”

“இருக்குதுங்க்கா. நம்ம வட்டத்துல முன்னூத்தி நாப்பது எண்ணு கைக்குக் காத்துட்டு இருக்குது. கை குடுக்கறது நீங்க ஒருத்தர்தானுங்க.”

“மத்தவங்கெல்லாம் எங்க?”

“குடுத்துட்டு இருந்தவங்கதான் இப்ப வாங்கற எடத்துல படுத்திருக்காங்க. புதுசா ஆரும் சேரலீங்க. சேர ஆளு எங்கிருக்குது?”

“முற்றத்துல தெனம் அத்தனை பேரு எழுதறாங்களே!”

“படுத்துட்டே எழுதலாமுங்களே.”

சிந்துஜா விடவில்லை. “முன்னூத்தி நாப்பதுல என்ற வீடேதானா கிடைச்சுது?” என்றாள்.

“தொடறது ஒரு இமை நேரம் பிந்துனாலும் சோறு புரையேறிரும். அதனால இயந்திரம் கம்பித் தூரம் கம்மியா இருக்கற வீட்டைத்தான் எடுக்கும். உங்களுக்கு அது சொவத்துக்கு அந்தப் பக்கம். ஒரே எண்ணா இருந்திருந்தா உங்க வீட்டையே உங்களுக்குக் குடுத்திருக்காதுங்க. நீங்க ரெண்டு வாங்கியிருக்கீங்க.” அதில் குத்தல் எதுவும் இல்லை. “வெளியூர் வட்டத்துலயும் இதேதானுங்க்கா. மிச்சம் கை குடுக்கறவங்களும் இப்படி ரெண்டு எண்ணு வாங்குனவங்கதான். விதியை மீறுனவங்க வீட்டுக்கு மட்டும்தான் இப்பக் கை வருது.”

“அக்காவை நானே பாத்துக்கறேன். என்னை வேற வீட்டுக்கு மாத்தி உடுங்க.”

அவர் குரலில் தூக்கம் போய்விட்டது. “நெசமாவாங்க்கா? சிங்காநல்லூர்ல ஒரு அம்மா, சொல்லக்கூடாது, புறாவைப் பத்தி எழுதுவாங்களே, பதினோரு மாசமாக் காத்திருக்காங்க. ஒத்தையில கெடக்காங்க. கட்டிலோட இயந்திரம் ஏதோ கஞ்சி ஊத்துது, அவ்வளவுதான். தலை ஜடை புடிச்சுப் போச்சு.”

அன்று மூன்றரை மணிக்குச் சிந்துஜா சீப்போடு அக்காவிடம் போனாள்.

“நீ எதுக்கு? நாலு மணிக்கு அந்தப் புள்ளை வரும்.”

“இன்னிக்கு நான் வாரறேன்க்கா.”

4410-இன் தலையில் எந்த இடத்தில் சிக்கு விழும், எந்த இடத்தில் சொறிந்தால் சுகம் என்பதெல்லாம் அவள் விரலுக்கு அத்துப்படி. அதே தலைதான் இது. ஆனால் கீழே அக்காவின் முகம் இருந்தது, அந்த உதடு இருந்தது. முப்பது வருடக் கசப்பும் விரலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சீப்பு மாட்டியது.

“ஆ! உடுடி. மாட்டுக்கு வார்ற மாதிரி வார்றா.”

“அக்கா, நாஞ்சொல்றதைக் கேளு. அந்தக் கை நான்தான். எட்டு மாசமா நான்தான் அந்த ரூம்புல இருந்து உனக்கு வாரி உடறேன். கமலாச் சுளையை ஊட்டுனது நான்தான்.”

மோனிஷா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாதி வாயால் சிரித்தாள்.

“உன்ற கையி எனக்குத் தெரியாதா? அறுபது வருசமாப் பாக்கறேன். ஒருத்தரை நான் நல்லவன்னு சொல்லிட்டா உனக்குப் பொறுக்காது. சின்னதுல இருந்தே அப்படித்தான்.”

நாலு மணிக்குச் சிந்துஜா கையுறை போட்டுக்கொண்டு ரேஷ்மாவின் வீட்டுக்குப் போனாள். சாம்பல் உருவம் அசையாமல் கிடந்தது. தலையைத் தொட்டதும் அதன் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. முடி கெட்டியாக ஒரு முடிச்சாகியிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். ஐந்து மணிக்குக் கையுறைக்குள் விரல் மரத்தபோது கால்வாசிதான் முடிந்திருந்தது.

ஐந்து மணிக்கு மேல் அக்காவுக்கு ஊட்டப் போனாள். மோனிஷா பல்லைக் கடித்துக்கொண்டாள். சிந்துஜா கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். மோனிஷாவின் கண் கூரை மூலையிலேயே இருந்தது. மறுநாளும் அப்படியே. தண்ணீர் மட்டும் குடித்தாள். உதடு வெடித்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில், “அந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு சிந்து. விசாரியேன்,” என்று முணுமுணுத்தாள்.

சிந்துஜா அஸ்வந்தைக் கூப்பிட்டாள். “பழையபடியே மாத்தி உட்டுருங்க,” என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. “சரிங்க்கா,” என்றார். குரலில் பழைய தூக்கம் வந்திருந்தது.

முற்றத்தில் ரேஷ்மா அன்று புறாவைப் பற்றி எழுதியிருக்கவில்லை. ‘ரெண்டு நாளா எனக்குக் கை வருதுங்க. பாதித் தலைக்குச் சிக்கு எடுத்தாச்சு. மீதி இன்னிக்கு எடுத்துருவாங்க. யாராயிருந்தாலும் நல்லா இருங்க’ என்று எழுதியிருந்தாள். முந்நூறு பேர் வாழ்த்தியிருந்தார்கள். சிந்துஜா என்ன எழுதுவது என்று தெரியாமல் திரையை அணைத்தாள். சமையலறைக் கூரை மூலையில் அவளுக்கென்று வந்த கைகள் ஒட்டடை பிடித்து மடங்கிக் கிடந்தன.

நாலு மணிக்கு அறைக் கதவைச் சாத்தினாள். காதடைப்பானை வேண்டுமென்றே போடவில்லை. கையுறையில் பட்ட 4410-இன் கன்னம் ஈரமாக இருந்தது. முதல் கவளத்துக்கே அந்த வாய் திறந்தது. தட்டு காலியானது. அதன் பிறகு சீப்பை எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். கைக்குக் காது இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பேசுவாள்போல.

“எங்க போயிட்ட கண்ணு? உடம்புக்கு எதாச்சுமா? நீ வராத ரெண்டு நாளும் எனக்கு உசுரே இல்ல... என்ற தங்கச்சி ஒருத்தி இருக்கறா, பக்கத்து ரூம்புல. நாந்தான் அந்தக் கையின்னு வந்து சொல்றா பாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் யோசிச்சா பாவமா இருக்குது. அவ தலையைத் தொட ஒரு ஆளு இல்ல சாமி. அதான் புத்தி இப்படிப் போகுது. நீ ஒரு நாளைக்கு, எனக்கு வேண்டாம், அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு வாரி உடறியா?”

சிந்துஜாவின் விரல்கள் முடிக்குள் நின்றுவிட்டன. கண்ணாடிக்குள் சாம்பல் உருவம் முகத்தைத் தூக்கிக் காத்திருந்தது. வெகுநேரம் கழித்து அவள் அதன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து இரண்டு தட்டு தட்டினாள்.

“சிந்து!” என்று சுவரைத் தாண்டி அக்கா கத்தினாள். சந்தோஷத்தில் குரல் குழறியது. “சிந்து, அதுக்குக் காது கேக்குதுடி! சரின்னு சொல்லிருச்சு! நாளைக்கு உனக்கும் வாரி உடுமாம்!”

“சரிக்கா,” என்று சிந்துஜா இந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொன்னாள். விரலில் ஒரு சிக்கு தட்டுப்பட்டது. வலிக்காமல் அதைப் பிரிக்க ஆரம்பித்தாள்.